கட்டியா, கறுப்புப் புள்ளியா? கத்தி வைப்பதற்கு முன்னும் பின்னும்: டர்பன் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் டாக்டர் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து வருகிற நோயாளிகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவன். கோப்பைத் தூக்குவது, வரிசையில் நிற்பது, டாக்டர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போனதை ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் நிதானமாகத் திரும்பச் சொல்வது, இதுதான் என் வேலை. நான் பார்த்தவரை, மருந்து கிடைக்காமல் தவித்தவர்களைவிடப் படிகளை முன்பின்னாக ஏறித் தவித்தவர்கள்தான் அதிகம்.

இங்கே இரண்டு நோய்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்று மென்திசு சார்கோமா: தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் போன்ற இடங்களில் கட்டியாக வருவது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது நூற்றில் ஒன்று அளவுதான். இன்னொன்று மெலனோமா: தோலுக்கு நிறம் தரும் செல்களில் வருவது. இரண்டும் வேறு வேறு நோய்கள். ஆனால் இரண்டிலும் முதல் வெட்டை யார், எங்கே, எப்படிப் போட்டார் என்பதை வைத்துத்தான் பின்னால் வருவதெல்லாம் அமையும்.

1. கிளம்புவதற்கு முன் ஒரு கோப்பு

அடையாள அட்டை, கிளினிக் அட்டை, மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) இருந்தால் அதன் அட்டை, பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல். பட்டியலில் கஷாயம், மூலிகை மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பொடி எல்லாம் இருக்கட்டும். வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு தாளில் தேதி போட்டு எழுதுங்கள்: எப்போது முதலில் பார்த்தீர்கள், அப்போது எவ்வளவு பெரிது, இப்போது எவ்வளவு. டாக்டரின் முதல் கேள்வி இதுதான். "கொஞ்ச நாளா இருக்கு" என்ற பதிலை வைத்து அவர் எதையும் கணிக்க முடியாது.

போனில் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தை வையுங்கள். அதன் குறுக்களவு 2.6 சென்டிமீட்டர். அளவுகோல் தேட வேண்டியதில்லை.

2. பாருங்கள், தொடுங்கள், அளந்து எழுதுங்கள்

முதலில் கட்டி. இரண்டு ஐந்து ராண்ட் நாணயங்களை ஒட்டி வைத்தால் 5 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். கட்டி அந்த நீளத்தைத் தாண்டினால், வளர்ந்துகொண்டே இருந்தால், தசையை இறுக்கும்போது அசையாமல் உள்ளே நிலைத்து நின்றால், ஒருமுறை எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தால், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே காத்திருக்கக் கூடாது.

"வலிக்கவே இல்லையே" என்று எல்லாரும் சொல்வார்கள். சார்கோமா ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லாதது நல்ல சகுனம் அல்ல. இதைச் சொல்வதால் பயந்துவிடவும் வேண்டாம். உடம்பில் வருகிற கட்டிகளில் மிகப் பெரும்பான்மை சாதாரணக் கொழுப்புக் கட்டிதான். அளப்பதே அந்த வித்தியாசத்தைப் பிரிக்கத்தான்.

இன்னொரு வழக்கமான தவறு, "அன்றைக்குக் கீழே விழுந்தேனே, அதில் ரத்தம் கட்டியது" என்று காரணம் கண்டுபிடிப்பது. ரத்தக்கட்டு நாளாக ஆகச் சுருங்க வேண்டும். பெருத்தால் அது ரத்தக்கட்டாக இருக்காது என்று எடுத்துக்கொண்டு காட்டுங்கள்.

அடுத்தது மச்சம். இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லாமை, ஓரம் கிழிந்தாற்போல் இருத்தல், ஒரே புள்ளியில் பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அளவு, மாற்றம். இந்த ஐந்தில் கடைசியைத்தான் நான் முதலில் கேட்பேன்: மாறுகிறதா?

"தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது" என்ற பேச்சு நம் வீடுகளில் இருக்கிறது. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. நம்மைப் போன்ற மாநிறத்தவர்களுக்கும் கறுப்பர்களுக்கும் மெலனோமா குறைவு. ஆனால் வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி என்று வெயில் அதிகம் படாத இடங்களில் வருகிறது. பாப் மார்லிக்குக் கால் விரலில் வந்தது இந்த வகைதான். 1981இல், 36 வயதில் இறந்தார்.

ஒரு பெரியம்மாவின் குதிகாலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. தீமிதித்தபோது பட்ட தழும்பு என்று அவர் நம்பினார், நாங்களும் நம்பினோம். அடுத்த வருஷம் ஈஸ்டர் சமயத்தில் கோயில் திருவிழா வந்தபோதும் அது அங்கேயே இருந்தது, கொஞ்சம் பெரிதாக. தீப்புண் ஆறும். ஆறாமல் நிற்கிற எதற்கும் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

நகத்தடியில் கறுப்பு என்றால் ஒரு எளிய சோதனை உண்டு. கறுப்பின் ஓரத்துக்கு நேராக நகத்தில் லேசாகக் கீறி வையுங்கள். ரத்தக்கட்டாக இருந்தால் நகம் வளர வளர முன்னால் நகரும். கால் நகம் மாதத்துக்கு ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். நகராமல் நின்றாலோ, அகலமானாலோ, கறுப்பு நகக்கண்ணின் தோலுக்குப் பரவினாலோ உடனே கிளம்புங்கள்.

3. எந்தக் கதவைத் தட்டுவது

முதல் கதவு உங்கள் பக்கத்துக் கிளினிக் அல்லது ஜீ.பி. என்கிற குடும்ப டாக்டர். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பதில் பயனில்லை. இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய ஆஸ்பத்திரி போன்ற உயர்நிலை இடங்கள் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பார்க்காது.

அதனால் முதல் சந்திப்பில் நீங்கள் வாங்க வேண்டியது மருந்து அல்ல, கடிதம். கட்டியின் அளவு, எத்தனை மாதத்தில் எவ்வளவு வளர்ந்தது, எதைச் சந்தேகிக்கிறார் என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். "கட்டி, தயவுசெய்து பார்க்கவும்" என்று மட்டும் எழுதிய கடிதம் வரிசையின் கடைசிக்குப் போகும். உங்கள் தாளில் உள்ள தேதிகளை அப்படியே எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மெடிக்கல் எய்ட் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. குணப்படுத்தக்கூடிய திடக்கட்டிப் புற்றுநோய்களைக் கண்டறிவதும் சிகிச்சை தருவதும் சட்டப்படி எல்லாத் திட்டங்களும் தரவேண்டிய குறைந்தபட்சப் பலன்களில் அடங்கும். ஆனால் திட்டம் குறிப்பிட்ட இடத்துக்குப் போகாவிட்டால் கையிலிருந்து கட்ட நேரலாம். எம்ஆர்ஐக்கு முன்னனுமதி எண் வாங்கிவிட்டே போங்கள்.

4. கட்டிக்கு: ஸ்கேன் முதலில், ஊசி அடுத்து, கத்தி கடைசியில்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு தாத்தாவுக்குத் தொடையில் கட்டி. அவர் போன டாக்டரின் கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் எடுத்து, தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். எடுத்த சதை லேபுக்குப் போகவில்லை. ஐந்து மாதத்தில் அதே இடத்தில் முன்னைவிடப் பெரிதாக வந்தது. அப்புறம் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கேட்ட எந்தக் கேள்விக்கும் எங்களிடம் பதில் இல்லை. என்ன வகை? தெரியாது. எடுத்த சதையின் ஓரம் புற்றுநோய்ச் செல் இல்லாமல் சுத்தமாக இருந்ததா? தெரியாது. முதலில் எவ்வளவு ஆழத்தில் இருந்தது? படமே எடுக்கவில்லை.

திட்டமில்லாமல் எடுத்துவிட்டால் செல்கள் வெட்டிய பாதை முழுக்கச் சிந்துகின்றன. அடுத்த அறுவையில் அந்தப் பாதை முழுவதையும் சேர்த்து எடுக்க வேண்டும். சிறிய வேலை பெரிய வேலை ஆகிறது. சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிடுவதும் இதே கதைதான்.

சரியான வரிசை இது. முதலில் அல்ட்ராசவுண்ட், கொழுப்புக் கட்டி, நீர்க்கட்டி என்று தெளிவாகத் தெரிந்தால் அதோடு முடிந்தது. சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ. கட்டி எந்தத் தசைக்குள், எந்த நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் பக்கத்தில் என்பதைக் காட்டும். அதற்குப் பிறகே தடித்த ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி. ஊசியை முதலில் குத்தினால் உள்ளே ரத்தம் கசிந்து படத்தைக் குழப்பிவிடும்.

ஊசி எங்கே நுழைய வேண்டும் என்பதை அறுவை செய்யப்போகிற டாக்டரே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அந்தத் துளையையும் பிறகு கட்டியோடு சேர்த்து எடுக்க வேண்டிவரலாம். கீறித்தான் எடுக்க வேண்டும் என்றால் கை கால்களில் கீறல் நீளவாக்கில் இருக்க வேண்டும், குறுக்கே அல்ல. குறுக்கே கீறினால் பின்னால் எடுக்கவேண்டிய தோலின் அளவு கூடிவிடும்.

நல்ல மருந்து கையில் இருக்கும்போதும் அவசரம் காரியத்தைக் கெடுக்கும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள் அல்லவா, ஒரு மணி நேர பயாப்ஸியைத் தவிர்க்கப் பார்த்து ஆறு மாதத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எம்ஆர்ஐ அன்றைக்கு உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. இருபது வருஷமாகக் கழற்றாத மூக்குத்தியை வாசலில் வைத்துக் கழற்ற முடியாது. முந்தின நாள் இரவே சோப்பு நுரை போட்டுக் கழற்றிவிடுங்கள். தாயத்தையும் மறக்க வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால் நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், சி.டி. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றுவார்கள் என்றால், மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கிட்னி பரிசோதனை முடிவையும் கையில் வைத்திருங்கள்.

பயாப்ஸி சார்கோமா என்று சொன்னால் நெஞ்சுக்கு சி.டி. எடுப்பார்கள். இந்த நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும்.

5. மச்சத்துக்கு: இங்கே விதி தலைகீழ்

கட்டியை முழுதாக எடுக்காதே என்றேன். சந்தேகமான மச்சத்தை முடிந்தவரை முழுதாகவே எடுக்க வேண்டும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு குழம்புகிறவர்கள் நிறைய.

காரணம் ஆழம். மெலனோமாவில் சிகிச்சையைத் தீர்மானிப்பது அது தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பது. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ இந்த அளவை முன்வைத்தார்; இன்றும் ரிப்போர்ட்டில் பிரெஸ்லோ தடிமன் என்றே வரும். மேலாகச் சீவி எடுத்தால் அடிப்பகுதி உடம்பிலேயே தங்கிவிடும், ஆழம் எவ்வளவு என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எனவே சுற்றிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் விட்டு, கொழுப்பு தெரியும்வரை ஆழமாக எடுப்பார்கள். லேசரால் எரிப்பது, பார்லரில் அகற்றுவது, திரி மருந்து வைப்பது எதுவும் கூடாது.

உள்ளங்காலில் பெரிய திட்டாக இருந்தால் முழுதாக எடுப்பது சிரமம். அப்போது இருப்பதிலேயே தடிப்பான இடத்திலிருந்து துணுக்கு எடுப்பார்கள். எடுப்பதற்கு முன் தோல் டாக்டர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் பார்ப்பார். உள்ளங்கால் தோல் உழுத வயல் மாதிரி வரப்பும் சாலுமாக இருக்கும். நிறம் சாலில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். வரப்பின் மேல் ஓடினால் மெலனோமாவைச் சந்தேகிக்க வேண்டும். அந்தப் பெரியம்மாவுக்கு வரப்பில்தான் இருந்தது.

6. ரிப்போர்ட்டை வாங்கி வாசியுங்கள்

ஒரு நகல் கட்டாயம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். சார்கோமா ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை: வகை, எவ்வளவு மூர்க்கமானது என்று சொல்லும் 1 முதல் 3 வரையான தரம், அளவு, ஓரங்கள். வகைகள் 50க்கும் மேல், மருந்துகளும் வகைக்கு ஏற்ப மாறும். ஆகவே சார்கோமாவில் பழகிய இன்னொரு நோயியல் டாக்டர் ஸ்லைடைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

நம் நாட்டில் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கபோசி சார்கோமாவும் பெயரில் சார்கோமாதான், ஆனால் அது வேறு பாதை. ஒரு ஹெர்பீஸ் வகை வைரஸால், பெரும்பாலும் எச்ஐவி உள்ளவர்களுக்கு வருவது. எச்ஐவி மருந்தே அதன் சிகிச்சையில் முதல் பகுதி. "உனக்கும் சார்கோமா, எனக்கும் சார்கோமா" என்று வரிசையில் பக்கத்தில் இருப்பவரோடு மருந்தை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

மெலனோமாவில் தடிமன், மேல்தோலில் புண் உண்டா, ஓரம். தடிமன் 1 மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர், 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 2 சென்டிமீட்டர் விட்டு இரண்டாவது முறை அகலமாக எடுப்பார்கள். "போன முறையே எடுத்தாச்சே, மறுபடி ஏன்?" என்று வீட்டில் சண்டை வரும். முதல் வெட்டு நோயை அறிய, இரண்டாவது நோயை நீக்க. 0.8 மில்லிமீட்டரைத் தாண்டினாலே, நோய் முதலில் போய்ச் சேரக்கூடிய நிணநீர்க் கணுவை எடுத்துப் பார்ப்பது பற்றிப் பேச வேண்டும். இதை அகல அறுவையோடு ஒரே நேரத்தில் செய்வதே முறை. முதலில் அகலமாக வெட்டிவிட்டால் நிணநீர் ஓடும் வழியே மாறிப்போகலாம்.

பாரஃபின் பிளாக் எங்கே இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த சதையைப் பதித்து லேப் வைத்திருக்கும் மெழுகுத் துண்டு அது. பிறகு பிராஃப் போன்ற மரபணு மாற்றப் பரிசோதனை செய்ய அதுதான் வேண்டும். அரசு ஆஸ்பத்திரி என்றால் தேசிய லேப் சேவையிடம் இருக்கும். தனியார் என்றால் அந்த லேபில். ரிப்போர்ட் எண் இல்லாமல் தேடினால் வாரக்கணக்கில் ஆகும்.

7. எது முன்னால், எது பின்னால்

அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்றையும் பார்க்கும் டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து வரிசையை முடிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வரிசைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது என் பிடிவாதம் அல்ல, ஆய்வுகளே அதைத்தான் காட்டுகின்றன.

கை கால் சார்கோமாவில் கதிர்வீச்சை அறுவைக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா? 2002இல் வந்த கனடா ஆய்வில், முன்னால் கொடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்குக் காயம் ஆறுவதில் சிக்கல்; பின்னால் கொடுத்தவர்களில் 17 சதவீதம். அப்படியென்றால் பின்னால்தானே நல்லது? அவசரப்படாதீர்கள். முன்னால் கொடுத்தால் கதிர்வீச்சின் அளவு குறைவு, நாள்பட இறுகிப்போகும் தசையும் குறைவு. காயம் ஆறிவிடும், இறுகிய முழங்கால் திரும்பாது. சர்க்கரை நோயாளிக்கு ஒரு முடிவு, ஓடியாடி வேலை செய்பவருக்கு இன்னொரு முடிவு.

மெலனோமாவில் இன்னும் தெளிவு. 2023இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், அறுவைக்கு ஏற்ற நிலையில் முற்றிய மெலனோமா உள்ள 313 பேருக்கு ஒரே மருந்து, உடம்பின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப், அதே 18 தவணை. ஒரு பிரிவுக்கு எல்லாமே அறுவைக்குப் பின். மற்றதற்கு மூன்று தவணை முன்னால், மீதி பின்னால். இரண்டு வருஷத்தில் நோய் தலைதூக்காமலும் சிகிச்சை தடைப்படாமலும் இருந்தவர்கள் முதல் பிரிவில் 49 சதவீதம், இரண்டாவதில் 72 சதவீதம். மாறியது வரிசை மட்டும்தான்.

8. ஆய்வில் சேர முடியுமா: முதல் தவணைக்கு முன்பே கேளுங்கள்

புது மருந்துகளின் விலை நம்மில் பலருக்கு எட்டாது. புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு வழியாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கீமோ இரண்டு தவணை ஏறிய பிறகு வந்து கேட்கிறார்கள். "இதற்கு முன் சிகிச்சை பெறாதவர்கள்" என்று கேட்கிற ஆய்வின் கதவு அன்றே மூடிவிடும். ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படி. நாளுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் பிரெட்னிசோன் எடுத்தால் நோய் எதிர்ப்பாற்றல் மருந்து ஆய்வுகள் பலவற்றில் சேர்க்க மாட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவின் தேசிய ஆய்வுப் பதிவேட்டிலும் அமெரிக்காவின் பொதுப் பதிவேட்டிலும் நாட்டையும் நோயையும் கொடுத்துத் தேடலாம். ஆள் சேர்க்கிறார்களா என்ற வரியை முதலில் பாருங்கள். கிடைத்ததை அச்செடுத்து டாக்டரிடம் கொடுங்கள். தகுதி உண்டா என்று சொல்ல வேண்டியவர் அவர்.

ஆய்வு மருந்து என்றாலே மேலான மருந்து என்று நினைக்க வேண்டாம். ஒலராடுமாப் என்ற சார்கோமா மருந்து சிறிய ஆய்வில் ஆயுளை ஏறக்குறைய ஒரு வருஷம் கூட்டியதாகத் தெரிந்தது. 2016இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. 509 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தபோது பழைய மருந்தோடு ஒப்பிட ஒரு வித்தியாசமும் இல்லை. திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

9. ஒப்புதல் படிவம்: அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள்

வீட்டுக்கு எடுத்துப் போகக் கேளுங்கள், கொடுப்பார்கள். மருந்து ஆய்வுக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் அனுமதியும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருக்க வேண்டும். இரண்டும் படிவத்தில் குறிக்கப்பட்டிருக்கும். உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்கம் கேட்பது உரிமை. ஆங்கிலம் தெரிந்த பேரன் தலையாட்டினால் ஆயாவுக்குப் புரிந்தது என்று ஆகாது.

ஐந்து கேள்விகள் போதும். எந்தப் பிரிவில் விழுவேன் என்பதை யார் முடிவு செய்வது? குலுக்கல் மாதிரி கணினி முடிவு செய்யும், டாக்டர் அல்ல. மற்றப் பிரிவில் விழுந்தால் என்ன மருந்து? கெடுதல் வந்தால் செலவு யாருடையது? எத்தனை முறை வர வேண்டும், பயணக் காசு உண்டா? பாதியில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா? கடைசிக் கேள்விக்கு பதில் "தொடரும்" என்றுதான் இருக்க வேண்டும். சேர்வதற்கு உங்களிடம் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

10. மருந்து ஓடும்போது

நோய் எதிர்ப்பாற்றல் மருந்துகளில் உடம்பின் காவல்படை சொந்த உறுப்புகளையே தாக்கக்கூடும். வயிற்றுப்போக்கு என்றால் வீட்டில் மோர் குடித்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை, குடலே வீங்கியிருக்கலாம். புது இருமல், மூச்சுத் திணறல், கடும் அசதி, கண் மஞ்சள், எதுவானாலும் அன்றே கூப்பிடுங்கள். மருந்து முடிந்து சில மாதம் கழித்தும் வரலாம். வேறு டாக்டரிடம் போனால் இந்த மருந்து எடுத்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கீமோவில் காய்ச்சல் 38 டிகிரி தொட்டால் இரவானாலும் கிளம்ப வேண்டும். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லாமல் கீமோ தொடங்கக் கூடாது.

11. முடிந்த பிறகு

தர எண் கூடிய, மூர்க்கமான சார்கோமாவுக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம், பிறகு ஐந்தாம் வருஷம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தையல் பிரித்ததோடு நோயும் போயிற்று என்று வராமல் விடுகிறவர்கள் உண்டு. அறுவை செய்த இடத்தைக் குளிக்கும்போது தடவிப் பார்க்கப் பழகுங்கள்.

மெலனோமாவில் நீங்களே பார்க்க வேண்டியவை: தழும்பைச் சுற்றி, தொடை இடுக்கு அல்லது அக்குளில் நெறிகட்டல், உடம்பு முழுக்கப் புதுப் புள்ளி. மாதத்துக்கு ஒருமுறை என்றால் மறந்துபோகும். குதிகால் பெரியம்மா அதற்கு அமாவாசையை வைத்துக்கொண்டிருக்கிறார். விரதச் சாப்பாடு முடிந்ததும் முற்றத்தில் நாற்காலி போட்டு இரண்டு காலையும் நீட்டுவார். பேத்தி போன் டார்ச்சை அடித்து, விரலிடுக்கு வரை பார்த்து, நாணயம் வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள்.